பதினேழு சதவீதக் கல்யாணம்

இல்ல சார், மேல வைக்க முடியாது. கண்டக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? என்ஜின் பெட்டி மேல வைக்கணுமாம். இது செத்ததே சூட்டுல சார். சூட்டுல செத்ததைக் கொண்டு போய் சூட்டு மேல வைக்கச் சொன்னா எப்படி? மடியிலேயே இருக்கட்டும். உங்க கால்ல இடிச்சா சொல்லுங்க. லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டாரு, அதனால இதுவும் ஒரு பாசஞ்சர்தான்.

சிபியூ சார். கம்ப்யூட்டர் பெட்டி. போர்வையைச் சுத்திக் கட்டியிருக்கிறதால ஸ்டாண்டுல ஒரு அம்மா சாமி சிலைன்னு நினைச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நானும் தடுக்கல. இன்னைக்கு யாரு கும்பிட்டாலும் நல்லதுதான்.

ராஜபாளையம் வரைக்கும் போறேன். அங்க ஒரு சர்வீஸ் கடை இருக்கு. எந்தத் தெருன்னு கேக்கல. போய்ப் பாத்துக்கலாம். இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எங்க ஊரு புளியங்குடியில ஒரு வளைகாப்பு. அதுக்குள்ள இதைச் சரி பண்ணி, உள்ள இருக்கிற கல்யாணத்தை வெளிய எடுத்துக்கிட்டுத் திரும்பணும்.

சிரிக்காதீங்க. சரியாத்தான் சொன்னேன். கல்யாணம் இதுக்குள்ளதான் இருக்கு.

எங்க அக்கா வீட்டுக்காரர் சண்முகவேல், நான் அத்தான்னு கூப்பிடுவேன், வீடியோ ஸ்டூடியோ வச்சிருக்காரு. கோமதி டிஜிட்டல். கோமதி எங்க அக்கா பேரு. அதுக்கு முன்னாடி அவரு எலுமிச்சம்பழ லோடு வண்டி ஓட்டினாரு. பத்தாவது பெயிலு. குறையாச் சொல்லல சார், நான் யாரையும் குறை சொல்ற ஆள் இல்ல. ஒரு தகவலுக்காகச் சொல்றேன்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்க வீட்டுல முதல் பட்டதாரி. சும்மா வாயால சொல்லல, தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கு. லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். காத்துகூட உள்ள போகாது. எங்க அப்பா எலுமிச்சை மார்க்கெட்ல மூட்டை தூக்குறவரு. அந்தச் சான்றிதழைக் கையில வாங்கும்போது வேட்டியில கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கினாரு. அம்மா பீடி சுத்துறாங்க. அவங்க வாங்கவே இல்ல, தூர நின்னு பாத்துக்கிட்டாங்க.

படிச்சு முடிச்சு ரெண்டு வருசம் ஆச்சு. குரூப் ஃபோர் ரெண்டு தடவை எழுதினேன். சித்திரையில அக்கா வந்து, ‘சும்மா இருக்கிற நேரத்துக்கு அத்தான் கடையில கம்ப்யூட்டரைப் பாத்துக்கோ’ன்னு கூட்டிக்கிட்டுப் போச்சு. அதோட நிக்கல சார். தென்காசியில இருந்து மாசம் ஒரு தடவை கம்ப்யூட்டர் பாக்க ஒருத்தர் வருவாரு, அவரை வேண்டாம்னு சொல்ல வச்சிடுச்சு. ‘என் தம்பி கம்ப்யூட்டருக்கே படிச்சவன், வெளி ஆள் எதுக்கு?’ மாமியார், நாத்தனார், கொழுந்தன் பெண்டாட்டி எல்லாரும் இருக்கிற இடத்துல வச்சுச் சொல்லிடுச்சு. கொழுந்தன் பெண்டாட்டிக்கு ஒரு தம்பி இருக்கான், அவன் இஞ்சினியரிங். புரிஞ்சிருக்கும் உங்களுக்கு.

நீங்க கேக்கலாம், காலேஜ்ல சிபியூவைத் திறந்து காட்டினாங்களான்னு. மூணு வருசத்துல ஒரு நாளும் இல்ல சார். நான் பொய் சொல்ற ஆள் இல்ல. கேட்டா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. ஆனா லேபுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுத்தான் போகணும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உறை போட்டிருக்கும், பிளாஸ்டிக் உறை, ஜிப்பு வச்சது. லேப் அட்டெண்டர் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து காலைப் பாப்பாரு, முகத்தைப் பாக்க மாட்டாரு. ‘தூசிதான் கம்ப்யூட்டருக்கு எமன்’பாரு. மூணு வருசப் படிப்புல என் மனசுல ஆழமாப் பதிஞ்ச ஒரே பாடம் அது.

கடைக்குப் போன முதல் நாள் பாத்தேன், பதறிப் போச்சு. எடிட்டிங் ரூம்ல செருப்போட நடக்குறாங்க. ஜன்னல் திறந்து கிடக்கு, எதிர்ல பஞ்சர் கடை. இந்தப் பெட்டியைத் திருப்பிப் பாக்குறேன், பின்னாலயும் பக்கவாட்டுலயும் பொத்தல் பொத்தலா இருக்கு சார், சல்லடை மாதிரி. இத்தனை ரூபா பொருளை இப்படியா திறந்து போடுவாங்க? அன்னைக்கே வாசல்ல ‘காலணிகளை வெளியே விடவும்’னு எழுதி ஒட்டினேன். ஜன்னலை அடைச்சேன். பொத்தலை எல்லாம் செல்லோடேப் போட்டு ஒட்டினேன், ஒரு சுருக்கம் இல்லாம. நீங்க நேர்ல பாக்கணும், அவ்வளவு சுத்தமா ஒட்டியிருப்பேன்.

அத்தான் வந்து பாத்தாரு. ‘மாப்ள, இதை அடைச்சிட்டா அது மூச்சு விட வேண்டாமா?’ன்னாரு. ‘அத்தான், இது லோடு வண்டி இல்ல’ன்னேன். ‘சரி மாப்ள’ன்னு போயிட்டாரு. நல்ல மனுசன் சார். படிச்சவன் சொன்னா கேட்டுக்குவாரு.

உள்ளேயா? ஆமா, பஸ் குலுங்கும்போது ஏதோ ஆடுது. ஸ்குரூவா இருக்கும். அது அப்படித்தான் சார், இந்த மாடல்ல ஆடும்.

கல்யாணத்துக்கு வர்றேன். உரக்கடை தங்கப்பழம்னு எங்க ஊர்ல பெரிய கை. அவரு மகள் கல்யாணம் போன கார்த்திகையில நடந்துச்சு. வீடியோ நம்ம கடைதான். எந்தெந்தப் பாட்டு சேக்கணும்னு அவங்க வீட்டுல முடிவு பண்ண எட்டு மாசம். மருமகனுக்குப் பிடிச்சது மாமியாருக்குப் பிடிக்கல. ஆடி மாசம் ஒரு வழியா பாட்டு லிஸ்ட் வந்துச்சு. எடிட்டிங்கை நானே பண்ணினேன். அதுல குறை சொல்ல முடியாது. கடைசியா ரெண்டர் போடணும். வெட்டி ஒட்டின துண்டை எல்லாம் கம்ப்யூட்டர் ஒண்ணா சமைச்சு முழுப்படமாத் தரும், அதுக்குப் பேரு ரெண்டர். மூணு மணி நேரம் ஆகும். திரையில சதவீதம் ஏறிக்கிட்டே போகும்.

பதினேழுல நின்னுச்சு சார். நின்னுச்சுன்னா தொங்கி நிக்கல. பொட்டுன்னு அணைஞ்சு போச்சு. கருப்பு. பெட்டியைத் தொட்டா தோசைக்கல்லு.

மறுபடி போட்டேன். பதினேழு. அடுத்த நாள் பதினாறரை, பதினேழு. அந்தப் பதினேழுல என்ன காட்சின்னு பாத்தேன். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில குடுக்குறாரு. மாப்பிள்ளை குனியுறாரு. அணைஞ்சிடுது. தினமும் அந்த ஆளு குனியுறாரு, தினமும் அணையுது. பதினெட்டு நாள் குனிஞ்சாரு சார்.

நான் சும்மா இருக்கல. நோட்டுப் போட்டேன். தேதி, ஆரம்பிச்ச நேரம், அணைஞ்ச நேரம், சதவீதம், கரண்ட் எப்படி இருந்துச்சுன்னு கோடு போட்டு எழுதினேன். அக்கா சொன்னதால ராகு காலமான்னு ஒரு கட்டம். விண்டோசை அழிச்சுப் புதுசாப் போட்டேன், ரெண்டு தடவை. வைரஸுக்குப் பாத்தேன். ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைச்சேன். ஒண்ணும் கேக்கல. எதுக்கும் இருக்கட்டும்னு டேப்பு மேல இன்னொரு டேப்பு ஒட்டினேன்.

அத்தான் தினமும் மதியம் சாப்பிட்டு வந்து பெட்டிக்குப் பின்னால உள்ளங்கையை வச்சுப் பாப்பாரு, வண்டி ரேடியேட்டர்ல வச்சுப் பாக்கிற மாதிரி. ‘காத்தே வரலையே மாப்ள.’ தினமும் இதே வசனம். நான் என்ன சொல்ல? இது சாஃப்ட்வேர் பிரச்சினைன்னு சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்டா அவரு பேச மாட்டாரு. எனக்கும் அது வசதியா இருந்துச்சு.

இதுக்கு நடுவுல உரக்கடைக்காரர் வந்தாரு. செருப்பைக் கழட்டச் சொன்னேன், கழட்டினாரு. உள்ள வந்து நின்னு, ‘தம்பி, படிச்சவரா நீங்க?’ன்னாரு. ‘ஆமா சார், பி.எஸ்சி.’ன்னேன்.

‘நல்லது. என் மகளுக்கு இது ஏழாம் மாசம். ஆவணி கடைசியில வளைகாப்பு வச்சிருக்கேன். உங்க கம்ப்யூட்டர்ல அவளுக்கு இன்னும் தாலியே கட்டல. ஊரு என்னைப் பத்தி என்ன பேசும்?’

கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. அத்தான் சிரிக்கல. அவரு சொன்னாரு, ‘அண்ணாச்சி, வளைகாப்பு மண்டபத்துலயே பெரிய திரை கட்டிப் போட்டுருவோம். என் பொறுப்பு.’ உரக்கடைக்காரர் என்னைப் பாத்தாரு, அத்தானைப் பாக்கல. ‘அன்னைக்கு ஓடலைன்னா, அடுத்து பேரப்பிள்ளை காதுகுத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டேன். நான் கூப்பிடாத ஆளை இந்த ஊர்ல வேற யாரும் கூப்பிட மாட்டாங்க’ன்னாரு. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அன்னைக்கு அக்கா எனக்குச் சோறு போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருச்சு. ‘உனக்குத் தெரியும்ல தம்பி?’ அவ்வளவுதான் கேட்டுச்சு. நான் ‘தெரியும்க்கா’ன்னேன். வேற என்ன சார் சொல்ல முடியும்? அந்தக் கேள்விக்கு வேற பதில் எங்க வீட்டுல கிடையாது.

சென்னையில ரியாஸ்னு ஒரு கிளாஸ்மேட், கம்பெனியில இருக்கான். சுத்தி வளைச்சுக் கேட்டேன், வேற யாருக்கோ கேக்குற மாதிரி. ‘பிராசசர் மேல சூட்டை இறக்கத் தடவியிருக்கிற பேஸ்ட் காஞ்சு போயிருக்கும்டா. ஃபேனைக் கழட்டித் துடைச்சிட்டுப் புதுசாப் பேஸ்ட் போடு, சூடு குறைஞ்சிரும்’னான். ‘ஆமாமா, நானும் அதைத்தான் நினைச்சேன்’னு வச்சிட்டேன்.

எந்த பேஸ்ட்டுன்னு கேட்டிருக்கலாம். இப்ப நீங்க முகத்தை வச்சிருக்கீங்களே, அதே மாதிரிதான் ரியாசும் வச்சிருப்பான் கேட்டிருந்தா.

கடைவீதியில போய், பேஸ்ட் வேணும்னேன். கடைக்காரர் எதுக்குன்னு கேக்கல. பேஸ்ட் எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் கவனமாத்தான் வாங்கினேன் சார். உப்புப் போட்டது வேண்டாம், இரும்பு துருப்பிடிக்கும். ஜெல்லு வேண்டாம், ஓடிரும். வெள்ளையா, கெட்டியா, கிராம்பு போட்டதா ஒண்ணு எடுத்தேன். அத்தான் ஒரு முகூர்த்தத்துக்குப் போயிருந்த நேரமாப் பாத்துக் கதவைச் சாத்திட்டு, ஃபேனைக் கழட்டி, உள்ள விபூதி மாதிரி உதிர்ந்து கிடந்ததைத் துடைச்சிட்டு, அளவாப் பூசினேன். பட்டாணி அளவு.

சிரிங்க சார், பரவாயில்ல. ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க. வேலை செஞ்சது!

பதினேழு தாண்டுச்சு. தாலி கட்டினாரு! நான் எந்திரிச்சு நின்னுட்டேன். கண்ணு கலங்கிருச்சு சார், அந்தப் பொண்ணோட அப்பனுக்குக்கூட அப்படிக் கலங்கியிருக்காது. முப்பது, நாப்பது, அம்மி மிதிச்சு அருந்ததி பாத்துப் பந்தி வரைக்கும் போயிருச்சு. அறுபத்திரெண்டுல, ரெண்டாம் பந்தியில ரசம் ஊத்துற இடத்துல அணைஞ்சது. ரூம் பூரா கிராம்பு வாசனை. அத்தான் உள்ள வந்தவரு மூக்கை உறிஞ்சினாரு. ‘என்ன மாப்ள, கம்ப்யூட்டர் பல்லு விளக்குச்சா?’

நோட்டை எடுத்து அறுபத்திரெண்டுன்னு எழுதினேன். பொய் சொல்லலையே.

அப்புறம்தான் பெட்டிக்குப் பின்னால எதேச்சையாப் பாத்தேன். டேப்பைப் பிச்சிருக்கு! பாதிப் பொத்தல் திறந்து கிடக்கு. காலையிலேயே அத்தான் பிச்சிட்டுப் போயிருக்காரு, நான் கவனிக்கல. எனக்கு வந்த கோபம் இருக்கே. நான் இவ்வளவு நுணுக்கமா உள்ள வேலை பாக்குறேன், இவரு பின்னால தூசிக்குக் கதவைத் திறந்து வைக்கிறாரு. அறுபத்திரெண்டுல அணைஞ்சதுக்கு வேற காரணம் வேணுமா? அவரு மட்டும் கையை வைக்காம இருந்திருந்தா அன்னைக்கே நூறு வந்திருக்கும். நோட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன். ‘பேஸ்ட்டால் முன்னேற்றம். டேப் அகற்றியதால் தடை.’

சாயங்காலம் அக்காவுக்கு முன்னாலயே கேட்டேன். ‘தெரியாத விசயத்துல ஏன் அத்தான் கை வைக்கிறீங்க?’ அக்கா அவரைப் பாத்துச்சு. கொழுந்தன் பெண்டாட்டி அடுப்படி வாசல்ல வந்து நின்னுச்சு. அத்தான் நகத்துல ஒட்டியிருந்த டேப் துண்டைச் சுரண்டிக்கிட்டே, ‘தப்புதான் மாப்ள’ன்னாரு. மனசுக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு ஒழுங்கு வேணும்ல? அன்னைக்கே பிரவுன் கலர்ல அட்டைப்பெட்டிக்கு ஒட்டுற அகல டேப் வாங்கி, ஒரு பொத்தல் விடாம அடைச்சேன்.

அடுத்த நாள் ஒன்பது சதவீதம். அதுக்கடுத்த நாள் நாலு. மாப்பிள்ளை மண்டபத்துக்கே வந்து சேரல. நேத்து பட்டனை அமுக்கினா உயிரே இல்ல. பேஸ்ட்டும் காஞ்சு சுண்ணாம்பாப் போயிருந்துச்சு.

அத்தான் ஒரு வார்த்தை திட்டல சார். ‘விடு மாப்ள. நாளைக்குக் காலையில நீ ராஜபாளையம் கொண்டு போ. படிச்ச பிள்ளை நேர்ல போனாத்தான் அவன் சொல்றது புரியும்’னாரு. எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா? அவரே பொதிஞ்சு தர்றேன்னாரு. கயிறு இல்ல, போய் வாங்கிட்டு வான்னு அனுப்பினாரு. கடைத்தெரு பூராச் சுத்தி நல்ல நைலான் கயிறா வாங்கிட்டு வந்தா, வீட்டுல இருந்த கொடிக்கயிறாலேயே கட்டி முடிச்சிருந்தாரு. நாலு முடிச்சு, லோடு வண்டி முடிச்சு, நம்மால அவுக்க முடியாது. ஜெயந்தி ஸ்டூடியோ அல்போன்ஸ் அப்பத்தான் கடையை விட்டு இறங்கிப் போனாரு. எங்களுக்குப் போட்டிக் கடை. எதுக்கு வந்தாருன்னு கேக்கல. ஆனா என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போனாரு, அது பிடிக்கல.

ஒரு நிமிசம் சார், போன் அடிக்குது. அக்கா.

சொல்லுக்கா. பஸ்லதான். சிவகிரி தாண்டியாச்சு. சாப்பிட்டேன். என்னது? எந்த மண்டபம்? ஓடுதா? என்ன ஓடுது? சத்தமா சொல்லு, பஸ் இரையுது.

எப்ப? நேத்தேவா? அல்போன்ஸ் கடையிலயா?

எதைக் கழட்டிக் கொண்டு போனாரு?

சரி. இல்லக்கா, தெரியும். அத்தான் சொன்னாரு. சொன்னாருக்கா, எனக்குத் தெரியும். அல்போன்ஸ் டேப்பைப் பாத்துட்டு என்ன சொன்னாரு? சும்மா சொல்லு. ஒண்ணும் சொல்லலையா. சரி. கொழுந்தன் பெண்டாட்டி பக்கத்துல நிக்குதா? அதுகிட்ட என்ன சொல்லியிருக்காரு? ஓ. என் செட்டிங்ஸ்னு சொன்னாரா. சரிக்கா. வைக்கிறேன்.

அக்காதான் சார்.

வளைகாப்பு மண்டபத்துல திரை கட்டிப் போட்டுப் பாத்தாங்களாம். நல்லா ஓடுதாம். தாலி கட்டும்போது உரக்கடைக்காரர் கை தட்டினாராம். நேத்து நான் கயிறு வாங்கப் போன நேரத்துல இதுல இருந்து கல்யாணம் பதிவாகியிருக்கிற டிஸ்க்கை மட்டும் கழட்டி அல்போன்ஸ்கிட்டக் குடுத்திருக்காரு. அங்க வச்சு ரெண்டர் எடுத்திருக்காங்க. ராத்திரியே முடிஞ்சிருச்சாம். வீட்டுல எல்லார்கிட்டயும், ‘மாப்ள போட்டு வச்ச செட்டிங்ஸாலதான் ஒரே தடவையில வந்துச்சு’ன்னு சொல்லியிருக்காரு.

செட்டிங்ஸ்ங்கிற வார்த்தை அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல.

ஒரு வகையில உண்மைதான் சார். செட்டிங்ஸ் நான்தான் போட்டேன்.

இல்ல, இறங்கல. டிக்கெட் ராஜபாளையம் வரைக்கும் எடுத்தாச்சு. பாதியில திரும்பினா ஸ்டாண்டுல யாராவது பாப்பாங்க. சாயங்காலம் வரைக்கும் எங்கயாவது இருந்துட்டுப் போறேன். அத்தான் அதுக்குத்தானே அனுப்பியிருக்காரு.

வர்றாரு பாருங்க கண்டக்டர். மறுபடி என்ஜின் பெட்டியைக் காட்டுறாரு. வேண்டாம்ணே, மடியிலேயே இருக்கட்டும்ணே. ரொம்ப முக்கியமான பொருள், அதான்.

நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க சார். லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்காரு. உள்ள ஒண்ணும் இல்லன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்.